எழுத்துப் பிழை காட்டிக்கொடுத்த சுவிசேஷம்

2012 செப்டம்பர் 18ஆம் தேதி. ரோம் நகரில், வாடிகனுக்கு எதிர்ப்புறமுள்ள ஒரு கல்வி நிலையத்தில் காப்டிக் மொழி ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு நடந்துகொண்டிருந்தது. காப்டிக் என்பது பண்டைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்துகளோடு சில கூடுதல் எழுத்துகளையும் சேர்த்து எழுதப்பட்டது. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது. சாதாரணமாக உலகம் எட்டிக்கூடப் பார்க்காத இந்த மாநாடு அன்று மாலைக்குள் உலகச் செய்தியாகிவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கேரன் கிங், ஏறக்குறைய 8 செ.மீ. நீளமும் 4 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு பாப்பிரஸ் துண்டைப் பற்றி அங்கே அறிவித்தார். முன்பக்கம் எட்டு வரிகள். ஒரு வரியும் முழுமையாக இல்லை. அந்த அரைகுறை வரிகளில் ஒன்றில், இயேசு தம் சீடர்களிடம் 'என் மனைவி' என்று யாரையோ குறிப்பிடுகிறார். அடுத்த வரியில், அவள் எனக்குச் சீடராக இருக்க முடியும் என்பது போன்ற ஒரு தொடர். கிங் அதற்கு வைத்த பெயர் 'இயேசுவின் மனைவியின் சுவிசேஷம்'. சர்ச்சையில் பாதி அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது.

கிங் கவனமாகத்தான் பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இயேசு திருமணமானவர் என்பதற்கு இது சான்றல்ல. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாகத் தோன்றும் இத்துண்டு, பிற்காலக் கிறிஸ்தவர் சிலர் அப்படி நம்பியிருக்கலாம் என்பதை மட்டுமே காட்டுகிறது என்றார். ஆனால் தலைப்பைப் பார்த்த பத்திரிகைகள் இந்த எச்சரிக்கையைக் கடைசிப் பத்திக்குத் தள்ளின. அமெரிக்காவிலேயே மிகப் பழைய பேராசிரியர் இருக்கைகளில் ஒன்றில், 1721இல் நிறுவப்பட்ட அந்த இருக்கையில், அமர்ந்த முதல் பெண் அவர். அவர் சொல்லுக்குக் கிடைத்த கனம் அப்படி.

அத்துண்டு போலி என்பதை இன்று அவரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த முடிவைவிட, முடிவு வந்த வழிதான் நமக்கு முக்கியம். பல்கலைக்கழகத்தின் பெயர் அதைக் காப்பாற்றவில்லை. விலையுயர்ந்த கருவிகளும் அதைப் பிடிக்கவில்லை. எழுத்து எழுத்தாக, வரி வரியாக வாசிக்கும் பழைய பண்டிதத் தொழில்தான் அதைப் பிடித்தது. வேதநூல்களை அப்படி வாசிப்பதைப் பக்தர்கள் பலர் சந்தேகத்தோடும், பக்தியற்றோர் பலர் அலுப்போடும் பார்க்கிறார்கள். இரு தரப்பினரும் அந்தத் தொழிலைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில், உலகம் ஏன் இத்தனை எளிதாக இதை நம்பத் தயாராக இருந்தது? 2003இல் வெளிவந்த டான் பிரவுனின் 'தி டா வின்சி கோட்' நாவல் பல கோடிப் பிரதிகள் விற்றிருந்தது. இயேசுவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் திருமணம் நடந்தது, வம்சம் தொடர்ந்தது, திருச்சபை அதை மறைத்தது என்பது கதை. 2006இல் அது திரைப்படமானபோது இந்தியாவின் சில மாநிலங்கள் தடை விதித்தன. தமிழ்நாட்டு அரசும் தடை விதிக்க, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாவல் ஆதாரமாகக் காட்டிய நூல்களில் ஒன்று பிலிப்பு சுவிசேஷம். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த காப்டிக் ஏடுகளில் அது ஒன்று. அதில் மரியாள் இயேசுவின் தோழமைக்குரியவளாகக் குறிப்பிடப்படுகிறாள். அவளை அவர் முத்தமிடுவதாகவும் வருகிறது. எங்கே முத்தமிட்டார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏடு அரித்து ஓட்டையாகிவிட்டது! அந்த ஓட்டையை வாசகர்கள் தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த ஆர்வத்தை வெறும் வம்பு என்று ஒதுக்கவும் முடியாது. 591ஆம் ஆண்டு ஒரு பிரசங்கத்தில் போப் முதலாம் கிரகோரி, மகதலேனா மரியாளையும், லூக்கா சுவிசேஷத்தில் பெயரின்றி வரும் பாவியான பெண்ணையும், பெத்தானியா மரியாளையும் ஒருவராக்கிவிட்டார். உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் கண்டவளாக யோவான் சொல்லும் பெண், மேற்குலகின் ஓவியங்களிலும் நாடகங்களிலும் மனந்திரும்பிய விலைமகளாக நூற்றாண்டுக்கணக்கில் அழுதுகொண்டிருந்தாள். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்தக் குழப்பம் பிரிக்கப்பட்டது. 2016இல் போப் பிரான்சிஸ் அவளுடைய நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார். ஆக, அந்தப் பெண்ணுக்கு ஏதோ அநியாயம் நடந்திருக்கிறது என்ற மக்களின் உள்ளுணர்வில் உண்மை இருந்தது. போலிகள் பிழைப்பது இத்தகைய அரை உண்மைகளின் நிழலில்தான்.

சந்தேகம் சில நாட்களிலேயே எழுந்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பிரான்சிஸ் வாட்சன் ஒரு சிறு கட்டுரையை இணையத்தில் வெளியிட்டார். துண்டிலுள்ள தொடர்கள் ஏறக்குறைய எல்லாமே தோமா சுவிசேஷத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை என்றார். தோமா சுவிசேஷமும் நாக் ஹம்மாதியில் கிடைத்ததுதான். இயேசுவின் 114 வாக்குகள் கொண்டது. காப்டிக் மொழியில் முழுமையாகக் கிடைத்திருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் படி. பழைய காலத்து எழுத்தாளன் ஒருவன் தோமாவைப் படித்து, அதன் சாயலில் எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். சாயல் மட்டும் என்றால் சரி. ஆனால் அந்த ஒரே படியில் ஒரு சொல் வரி முடிவில் எங்கே உடைந்து அடுத்த வரிக்குப் போகிறதோ, அதே இடத்தில் இந்தத் துண்டிலும் உடைந்திருந்தது. ஒரு நூலை நினைவில் வைத்து எழுதுகிறவனுக்கு அதன் சொற்கள் நினைவிருக்கும். ஏடு எந்த இடத்தில் வரி மடக்கியது என்பது நினைவிருக்காது. ஏட்டின் அச்சு வடிவம் ஒன்றைக் கண்ணெதிரே வைத்திருப்பவனுக்குத்தான் அது தெரியும்.

அந்த அச்சு வடிவம் எது என்பதை ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் என்ற ஆய்வாளர் காட்டினார். தோமா சுவிசேஷத்தின் காப்டிக் மூலத்தையும் அதற்குக் கீழே சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருளையும் தரும் ஒரு பதிப்பை அமெரிக்க ஆர்வலர் ஒருவர் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அதன் 2002ஆம் ஆண்டு பிடிஎஃப் கோப்பில் ஒரு தட்டச்சுப் பிழை: ஓரிடத்தில், செயப்படுபொருளைக் காட்டும் ஒற்றை எழுத்து விடுபட்டிருந்தது. நம் 'ஐ' உருபு ஒரு வாக்கியத்தில் விழுந்துபோனது போல. பாப்பிரஸ் துண்டின் முதல் வரியிலும் அதே தொடர் வருகிறது. அதே எழுத்து அங்கேயும் இல்லை. காப்டிக் தாய்மொழியாகப் பேசியவன் செய்ய வாய்ப்பில்லாத அந்த இலக்கணப் பிழைக்கு, பதினாறு நூற்றாண்டுகள் கழித்து ஒரு கணினியில் நேர்ந்த கைத்தவறைத் தவிர வேறு நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் பிழை நான்காம் நூற்றாண்டின் ஏட்டுக்குள் எப்படிப் போகும்?

இதற்குப் பதிலாக ஹார்வர்டு அறிவியலை நாடியது. 2014 ஏப்ரலில் 'ஹார்வர்டு தியலாஜிக்கல் ரெவ்யூ' இதழ் கிங்கின் விரிவான கட்டுரையையும் ஆய்வக அறிக்கைகளையும் சேர்த்து வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மையைச் சோதித்திருந்தார்கள். எம்ஐடியில் பாப்பிரஸைச் சோதித்திருந்தார்கள். கதிரியக்கக் கரிமம் வைத்துக் காலம் கணிக்கும் சோதனையும் நடந்தது. ஒரு சோதனை, பாப்பிரஸ் கிறிஸ்து பிறப்பதற்கும் சில நூற்றாண்டுகள் முந்தையது என்றது. அது சரியாக வரவில்லை என்று இன்னொன்று செய்தபோது கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் என்று வந்தது. நான்காம் நூற்றாண்டு என்ற முதல் கணிப்பு ஓசையின்றிக் கைவிடப்பட்டது. மையில் நவீன வேதிப்பொருள் எதுவும் இல்லை என்பதும் உறுதியாயிற்று. 'போலி என்பதற்கு அறிகுறி இல்லை' என்று செய்தித்தாள்கள் மறுபடி தலைப்பிட்டன. அதே இதழில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் எகிப்தியவியலாளர் லியோ டெபைட் இது போலிதான் என்று வாதிட்ட கட்டுரையும் இருந்தது. தலைப்புகளில் அதற்கு இடமில்லை.

அந்தச் சோதனைகள் எந்தக் கேள்விக்கு விடை சொல்லின என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கரிமச் சோதனை பாப்பிரஸ் நாணல் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்லும். அதன்மீது எப்போது எழுதினார்கள் என்று சொல்லாது. எழுதப்படாத பழைய பாப்பிரஸ் துண்டுகள் பழம்பொருள் சந்தையில் கிடைக்கின்றன. மை வெறும் புகைக்கரியும் பிசினும். அதை இன்றும் யார் வேண்டுமானாலும் அடுப்படியில் தயாரிக்கலாம். பாட்டன் காலத்து முத்திரைத்தாளில் நேற்று எழுதிய உயிலைக் கொண்டுபோய், தாள் பழையதுதானா என்று மட்டும் சோதித்து வந்த கதைதான் இது. தாள் பழையதுதான். உயில்தான் புதிது. ஆய்வகத்தின் மீது தவறில்லை. தன்னிடம் கேட்ட கேள்விக்கு அது நேர்மையாகவே விடை சொன்னது. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதனால் சொல்ல முடிந்திருக்காது.

ஆனால் அறிக்கைகளோடு சேர்த்து ஹார்வர்டு தன்னையறியாமல் ஒரு சாட்சியையும் வெளியே அனுப்பிவிட்டது. பாப்பிரஸின் உரிமையாளர் இதோடு வேறு சில துண்டுகளையும் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்று யோவான் சுவிசேஷத்தின் காப்டிக் மொழிபெயர்ப்பு. ஒப்பீட்டுக்காக அதையும் சோதித்து, படத்தையும் வெளியிட்டார்கள். அந்தப் படம் கிறிஸ்டியன் ஆஸ்க்லேண்டு என்ற இளம் ஆய்வாளரின் கண்ணில் பட்டது. யோவான் சுவிசேஷத்தின் காப்டிக் மொழிபெயர்ப்புகளே அவருடைய முனைவர் பட்டப் பொருள். உலகில் அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நெற்றியைச் சுருக்கக்கூடியவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அந்த எழுத்து லைகோபாலிட்டன் என்னும் வட்டார வழக்கில் இருந்தது. அந்த வழக்கில் யோவானின் பெரும்பகுதியைத் தரும் ஒரு பழைய ஏடு 1923இல் எகிப்தின் காவ் என்னுமிடத்தில் ஒரு பானைக்குள் கிடைத்தது. ஹெர்பர்ட் தாம்சன் என்ற ஆங்கிலேயர் 1924இல் அதை அச்சிட்டார். பின்னாளில் அந்தப் பதிப்பு இணையத்திலும் ஏறிவிட்டது. ஆஸ்க்லேண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாம்சனின் பதிப்பில் ஒரு வரி விட்டு ஒரு வரியாக எடுத்து எழுதினால் என்ன வருமோ, அதுதான் அந்தத் துண்டு. வரி உடையும் பதினேழு இடங்கள், பதினேழும் பொருந்தின. போதாக்குறைக்கு, அந்த வட்டார வழக்கு வழக்கொழிந்த பிறகே அந்தத் துண்டின் பாப்பிரஸ் முளைத்திருந்தது என்பதை ஹார்வர்டின் கரிமச் சோதனையே சொல்லியிருந்தது. யோவான் துண்டும் மனைவித் துண்டும் ஒரே கை, ஒரே மை, ஒரே எழுதுகோல். ஒன்று போலி என்றால் மற்றது என்ன?

மிச்சமிருந்தது, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. உரிமையாளர் தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருந்தார். கிங் அதற்கு உடன்பட்டிருந்தார். உரிமையாளர் கொடுத்திருந்த ஆவணங்கள் நகல்கள். அவற்றில் பெயர் வந்தவர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள். 2016இல் பத்திரிகையாளர் ஏரியல் சபார் 'தி அட்லாண்டிக்' இதழுக்காக ஜெர்மனிக்கும் புளோரிடாவுக்கும் அலைந்து உரிமையாளரைக் கண்டுபிடித்தார். பெர்லினில் எகிப்தியவியல் படித்துப் பட்டம் பெறாமல் விலகி, அமெரிக்காவில் வேறு தொழில்கள் செய்துவந்தவர் அவர். தாம் அதைப் புனையவில்லை என்று அவர் மறுத்தார். கட்டுரை வெளிவந்ததும், சான்றுகள் போலி என்ற திசையிலேயே சாய்கின்றன என்று கிங் ஏற்றுக்கொண்டார். ஹார்வர்டு இதழ் கிங்கின் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. துண்டு உண்மையானது என்று தாங்கள் ஒருபோதும் சான்றளிக்கவில்லையே என்பது அவர்கள் நியாயம். சட்டப்படி சரியான பதில்தான்.

சரி, கருவிகளை இவ்வளவு குறைத்துப் பேசலாமா என்று ஒருவர் கேட்கலாம். வாஷிங்டனில் 2017இல் திறக்கப்பட்ட வேதாகம அருங்காட்சியகத்தில் சாக்கடல் சுருள்களின் துண்டுகள் என்று 16 வைத்திருந்தார்கள். அத்தனையும் நவீனப் போலிகள் என்று 2020 மார்ச்சில் முடிவானது. அதைச் சொன்னது நுண்ணோக்கியும் வேதியியல் சோதனையும்தான். பழைய தோலின் வெடிப்புகளுக்குள்ளும் கிழிந்த ஓரங்களிலும் மை வழிந்திருந்தது. அதாவது தோல் கிழிந்து நைந்த பிறகு எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், அங்கே கருவி வென்றது. ஆனால் அந்தச் சோதனைகளுக்கு முன்பே சில ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுவிட்டார்கள்: எழுத்துகள் ஏன் தோலின் சேதத்துக்கேற்ப நெளிந்து இடம் தேடுகின்றன, 2002க்குப் பிறகு திடீரென்று சந்தையில் ஏன் இத்தனை துண்டுகள் என்று. கேள்வி முதலில் கண்ணிலிருந்து பிறந்தது. கருவி அதை உறுதிசெய்தது. இதற்கு நேர் எதிரான பெருமையும் கருவிக்கு உண்டு. இஸ்ரேலின் ஏன்கெதியில் 1970இல் தோண்டியெடுத்த ஒரு சுருள் தீயில் கருகிக் கரிக்கட்டையாக இருந்தது, தொட்டால் உதிரும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு அதைப் பிரிக்காமலேயே ஊடுகதிர்ப் படமெடுத்து, கணினிக்குள் விரித்து, உள்ளே இருப்பது லேவியராகமத்தின் தொடக்கம் என்று வாசித்தது. அந்த வாசிப்பை நம்ப முடிவதற்குக் காரணம், யூத வேத மரபு காத்துவந்த எழுத்துகளோடு அது ஒத்திருந்ததை எபிரேயம் அறிந்தவர்கள் வரி வரியாகப் பார்த்ததே.

இந்தக் கதையில் தொழில்நுட்பம் இரு பக்கமும் வேலை செய்திருப்பதையும் கவனிக்க வேண்டும். நாக் ஹம்மாதி ஏடுகளும் தாம்சனின் பதிப்பும் நூலகத்தின் பூட்டிய அலமாரியிலேயே இருந்திருந்தால், காப்டிக் அரைகுறையாகத் தெரிந்த ஒருவரால் வெட்டி ஒட்டியிருக்க முடியாது. அதே அலமாரி பூட்டியிருந்தால், அந்தப் போலியைச் சில நாட்களிலேயே கண்டுபிடித்திருக்கவும் முடியாது. பழைய நாட்களில் ஓர் ஆய்வாளர் ஐயத்தைக் கடிதமாக எழுதி, இதழுக்கு அனுப்பி, ஒன்றிரண்டு ஆண்டு காத்திருப்பார். இம்முறை ஒருவர் மதியம் கண்டதை இன்னொரு கண்டத்தில் இருந்தவர் இரவுக்குள் சரிபார்த்தார். நான்காம் நூற்றாண்டு வேதாகமப் படியான சினாய் ஏடு இன்று நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. 2009 முதல் அதன் பக்கங்களை இணையத்தில் சேர்த்தே பார்க்கலாம். வசதி என்பது போலிக்காரருக்கும் உண்டு, காவல்காரருக்கும் உண்டு. ஆனால் போலிக்காரர் ஒருவராக வேலை செய்கிறார், காவல்காரர்களோ நூறு பேர். கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. திருச்சபைக்குச் சங்கடமான ஆவணம் என்பதால்தானே இத்தனை பேர் பாய்ந்து விழுந்தார்கள்? வாடிகன் நாளேடு முதல் மாதத்திலேயே போலி என்று எழுதியதே? ஆஸ்க்லேண்டும் பழமைப்பற்றுள்ள கிறிஸ்தவர்தானே? விருப்பம் சிலரை வேகமாக ஓடவைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வரி முறிவுகள் யாருடைய விசுவாசத்தையும் பொறுத்துப் பொருந்தவில்லை. இதைவிட நல்ல பதில் யூதாஸ் சுவிசேஷம். 2006இல் நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்ட அந்த நூலில், இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனே அவரை நன்றாகப் புரிந்துகொண்டவனாக வருகிறான். திருச்சபைக்கு இதைவிடக் கசப்பான நூல் இருக்க முடியாது. அது வந்த வழியும் சுத்தமில்லை: எகிப்தில் கிடைத்து, வியாபாரிகள் கை மாறி, அமெரிக்க வங்கிப் பெட்டகம் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்து நொறுங்கியது. ஆனாலும் ஆய்வாளர்கள் அதைப் பழைய நூல் என்று ஏற்றார்கள். ஏனென்றால் அது வெட்டி ஒட்டிய எட்டு வரி அல்ல. வேறெங்கும் காணாத நீண்ட தொடர் உரை, மரபுக் காப்டிக். அத்தகைய ஒரு நூல் உலவியதை 180ஆம் ஆண்டை ஒட்டி ஆயர் ஐரேனியுஸ் குறிப்பிட்டும் இருக்கிறார். சங்கடமான நூலை ஏற்று, ஆர்வமூட்டிய துண்டை மறுத்தார்கள் என்றால், அளவுகோல் சங்கடம் அல்ல.

உண்மையில் இந்த விவகாரத்தில் இழப்பு யாருக்கு என்று கேட்டால், ஆதித் திருச்சபையில் பெண்களின் இடத்தைப் பற்றி அறிய விரும்பியவர்களுக்குத்தான். மரியாள் சுவிசேஷம் என்று உண்மையான ஒரு பழைய நூல் இருக்கிறது. 1896இல் கெய்ரோவில் வாங்கப்பட்டு பெர்லினுக்குப் போன ஏட்டில் அது உள்ளது. அதில் மரியாளின் போதனையைப் பேதுரு ஏற்க மறுக்க, லேவி அவளுக்காக வாதாடுகிறான். கிங் அதைப் பற்றி எழுதிய நூல் நல்ல நூல். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் புகழும் யூனியா என்பவரையும் பாருங்கள். அப்போஸ்தலர்களுக்குள் பேர்பெற்றவர் என்று பவுல் வாழ்த்தும் அந்தப் பெண்ணை, பரவலாகப் பயன்பட்ட நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927 முதல் ஓர் உச்சரிப்புக் குறியால் ஆணாக்கிவைத்தது. 1998இல்தான் பெண்ணாகத் திரும்பினார். இயேசுவுக்கு மனைவி இருந்தாளா என்ற கேள்வி, ஒரு பெண்ணின் முக்கியத்துவத்தை அவள் யாருக்கு மனைவி என்பதைக் கொண்டே அளக்கிறது. யூனியாவைப் பற்றிய கேள்வி அவள் என்ன வேலை செய்தாள் என்று கேட்கிறது. இரண்டாவதற்குச் சான்று எல்லார் வீட்டு வேதாகமத்திலும் திறந்தே கிடக்க, முதலாவதற்குத்தான் தலைப்புச் செய்தி கிடைத்தது.

இனி விசுவாசியின் கவலை. போலியைப் பிடிக்கும் இந்தக் கண் ஒருநாள் வேதாகமத்தின் மீதும் திரும்பாதா என்று அவர் கேட்டால், திரும்பி வெகு காலமாயிற்று என்பதே பதில். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் சினாய் ஏட்டிலும் வாடிகன் ஏட்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, யோவானின் மிகப் பழைய படிகளில் இல்லை. இவற்றை மறைத்து வைத்தவர் யாருமில்லை. பல நவீன மொழிபெயர்ப்புகள் அடைப்புக்குறியிட்டோ அடிக்குறிப்பிட்டோ சொல்கின்றன. அடிக்குறிப்பைப் படித்து ஒருவருடைய விசுவாசம் ஆட்டம் கண்டால், அது வசனங்களால் வந்த ஆட்டமல்ல, அடிக்குறிப்பு இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லாததால் வந்த ஆட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவற்றிலெல்லாம் கூர்மையான வழக்கு யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகிறார்கள், மூவரும் ஒன்று என்று சொல்லும் வரி அது. திரித்துவக் கோட்பாட்டுக்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேதாகமத்தில் வேறில்லை. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ், தாம் பார்த்த கிரேக்கப் படிகள் ஒன்றிலும் இல்லை என்று அதை விட்டுவிட்டார். 1519ஆம் ஆண்டுப் பதிப்பிலும் விட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது இங்கிலாந்திலிருந்து ஒரு கிரேக்கப் படி வெளிவந்தது, அந்த வரியோடு. மை உலர்ந்து அதிக நாள் ஆகாத படி அது. இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. எராஸ்முஸ் சந்தேகப்பட்டார், ஆனாலும் 1522இல் வரியைச் சேர்த்தார். அங்கிருந்து அது 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்துக்கும், பிறகு தமிழுக்கும் வந்தது. திருச்சபைக்குச் சங்கடமான மனைவித் துண்டைத் தள்ளிய அதே முறைதான், திருச்சபைக்கு மிகவும் வேண்டிய இந்த வரியையும் தள்ளியது. திரித்துவக் கோட்பாடு அதனால் விழுந்துவிடவில்லை. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டினோபிளிலும் கூடிய ஆயர்கள் இந்த வரியை ஆதாரம் காட்டாமலேயே அதை வகுத்திருந்தார்கள். காப்டிக்கோ கிரேக்கமோ தெரியாத தமிழ் வாசகரும் இதைச் சரிபார்க்கலாம். புராட்டஸ்டண்டு வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பில் அந்த வரி இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது இல்லை.